டேனியல் தின்ற பல்லி

“புள்ள கடைசியா என்னம்மா தின்னுச்சு?”

வரிசையில் நின்ற எலிசபெத்தைப் பார்த்துக் கமலம் இப்படித்தான் கேட்டாள். வருகிறவர்கள் எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். ஆனால் வேற்று ஆள் ஏதாவது கேட்டால் எலிசபெத்துக்கு உடனே வாய் திறக்காது. முதலில் முந்தானை நுனியைத் திருகுவாள், பிறகு தரையைப் பார்ப்பாள், அதற்கப்புறம்தான் சொல் வரும். அவள் முந்தானையைத் திருகிக்கொண்டிருக்கும்போதே, இடுப்பை ஒட்டி நின்ற ஏழு வயது டேனியல் பதிலைச் சொல்லிவிட்டான்.

“பல்லி.”

கமலத்தின் கையிலிருந்த டோக்கன் கட்டு நழுவியது. “என்ன கண்ணு?”

“பல்லி. இத்தனை.” கையைக் குவித்துக் காட்டினான்.

“நெசமாவாம்மா?”

எலிசபெத் ஆமாம் என்று தலையாட்டினாள். இதில் மறைக்க என்ன இருக்கிறது? சாயங்காலமானால் அவன் தின்பதுதான். சோறு இறங்காத நாளில்கூட அது மட்டும் இறங்கும்.

கமலம் தாயையும் பிள்ளையையும் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். விழுந்த டோக்கன்களைக்கூடப் பொறுக்காமல் வீட்டுக்குள் ஓடினாள்.

பல்லி இருக்கட்டும். முதலில் அந்த வீட்டையும் கூட்டத்தையும் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

வீடு ஹைதராபாத்தின் மல்காஜ்கிரியில் இருக்கிறது, அய்யாக்கண்ணுவின் வீடு. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்ஜினில் கோளாறு என்றால் ஒவ்வொரு நட்டையும் தட்டிப் பார்த்த பிறகுதான் நம்புவார். மனிதனுக்குக் கோளாறு என்றால் மட்டும் யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார். அந்த நல்ல குணத்தை எப்படியோ மோப்பம் பிடித்து, தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்து அவர் வீட்டு முன் அறையில் குடியேறியவர்தான் தொக்கச் சித்தர் குமரவேல். கூடவே வந்தவள் அவருடைய மனைவி கமலம்.

தொக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை தின்றது செரிக்காமல் குடலில் ஒட்டிக்கொண்டு நிற்குமாம். ஸ்கேனில் தெரியாதாம். எக்ஸ்ரேயில் விழாதாம். சித்தரின் கண்ணுக்கு மட்டும் தெரியுமாம். அவர் ஒரு பித்தளைக் குழலைப் பிள்ளையின் தொப்புளில் வைத்து உறிஞ்சுவார். அப்புறம் எவர்சில்வர் தட்டில் துப்புவார். தட்டில் கோழித் துண்டு விழும், பிஸ்கெட் விழும், தலைமுடி விழும். வயிற்றில் துளை இல்லை, தோலில் கீறல் இல்லை. பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

“மோசடி செய்யறவன் வாயில முன்னாடியே வெச்சிருப்பான்” என்று சித்தரே சொல்வார். “அதனாலதான் நான் உங்க எல்லாரும் பாக்க வாய் கொப்பளிச்சிட்டு எடுக்கிறேன்.” கமலம் உள்ளேயிருந்து செம்புத் தம்ளரில் தண்ணீர் கொண்டுவருவாள். சித்தர் சளசளவென்று கொப்பளித்து வாளியில் உமிழ்வார். இதற்கு மேல் என்ன நேர்மை வேண்டும்?

தர்மபுரியில் இருந்தவரை அவர் வெறும் வயிற்று வைத்தியர்தான். ஹைதராபாத் வந்த பிறகுதான் ஞானம் பிறந்தது. இந்த ஊரில் பெற்றவர்களுக்குப் பிள்ளையின் வயிற்றைவிட மார்க்கைப் பற்றித்தான் கவலை என்று அமீர்பேட்டில் ஒரு நாள் பஸ்ஸுக்கு நின்றபோது கண்டுகொண்டார். அங்கே திரும்பிய பக்கமெல்லாம் கோச்சிங் போர்டு. மறுநாளே அய்யாக்கண்ணு வீட்டு வாசலிலும் ஒரு போர்டு ஏறியது: ‘வயிற்றில் மந்தம், புத்தியில் மந்தம். தொக்கம் எடுத்தால் ரேங்க் வரும்.’

இரண்டுக்கும் ஒரே சொல்தானே! சொல் ஒன்று என்றால் நோயும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்! ஜனங்கள் ஒத்துக்கொண்டார்கள்.

கூட்டம் மல்காஜ்கிரியோடு நிற்கவில்லை. காஞ்சன்பாக் குடியிருப்பிலிருந்து கார் வந்தது. பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடத்தில் பெரிய பதவியில் இருக்கும் நாராயணஸ்வாமி, மனைவி கல்பகத்தோடும் மகன் சந்தீப்போடும் வந்தார். சந்தீப்பின் வயிற்றிலிருந்து போன கோடை விடுமுறையில் தின்ற நூடுல்ஸ் வந்தது, சுருள்கூட நிமிராமல். “நானும் சயின்ஸ் படிச்சவன்தான்” என்று அவர் வரிசையில் நின்றவர்களிடம் சொன்னார். “கண்ணால பாத்தேனே, எவிடென்ஸ் இருக்கே!” படித்தவர் சொன்ன பிறகு வரிசை தெருமுனை வரை நீண்டது. மிளகாய் பஜ்ஜி வண்டிக்காரர் இடம் மாறி வாசலுக்கே வந்துவிட்டார்.

அய்யாக்கண்ணுவுக்கு இன்னொரு சாட்சியும் இருந்தது. அவர் வீட்டு ட்யூப்லைட்டுக்குப் பின்னால் ஒரு பல்லி குடியிருந்தது. சித்தர் பேசும்போது அது ‘ச்சு ச்சு’ என்றால் போதும், அய்யாக்கண்ணு நாற்காலிக் கையைத் தட்டி, “பாத்தீங்களா, பல்லியே சொல்லிடுச்சு, இன்னா?” என்பார். அது கொசுவைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். அவர் கேட்கவில்லை.

வாசலில் ஒரு நீல பிளாஸ்டிக் பக்கெட் இருந்தது. இங்கிலீஷ் மருந்து எதுவாக இருந்தாலும் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். “மாத்திரை போட்டா தொக்கம் உள்ளயே கல்லாயிடும்” என்பது சித்தரின் கட்டளை. அட்டை அட்டையாக மாத்திரையும், பாதி குடித்த டானிக் பாட்டில்களும் பக்கெட்டின் விளிம்பு வரை நிறைந்திருந்தன.

அதில்தான் டேனியலின் மாத்திரையும் கிடந்தது.

அந்த மாத்திரை எலிசபெத்துக்குச் சுலபமாகக் கிடைத்ததில்லை. ஒரு வருஷமாகப் பையனுக்கு வயிற்று வலி. இரண்டு வாய் தின்றால் போதும் என்பான். முகம் வெளுத்துவிட்டது. வகுப்பில் தூங்கி விழுகிறான். இப்படியே போனால் இந்த வகுப்பிலேயே திரும்ப உட்கார வைக்க வேண்டியதுதான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். அவள் அரசாங்க ஆஸ்பத்திரியில் காத்துக் கிடந்து, டாக்டர் வித்யாலட்சுமியிடம் காட்டினாள். பரிசோதனை எடுத்தார்கள். வயிற்றில் ஒரு கிருமி இருக்கிறது என்றார் டாக்டர். ரத்தமும் குறைவு.

“வீட்டுல எத்தனை பேர்?”

“அஞ்சு பேரு மேடம்.”

“எத்தனை ரூம்?”

“ஒண்ணு.”

“குடிக்கிற தண்ணி?”

“ட்ரம்ல புடிச்சு வெப்போம். எல்லாரும் ஒரே சொம்புல மொண்டு குடிப்போம்.”

தன் மேல் வழக்கு நடக்கிறது போல எலிசபெத் முந்தானையைத் திருகினாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

“உங்க தப்புன்னு சொல்லலைம்மா. நெருக்கடியான வீட்டுல இது ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்கு வரும். சின்ன வயசுலயே வந்துடும். தண்ணியக் கொதிக்க வெச்சுக் குடுங்க. அவனுக்குத் தனி பாட்டில் வெச்சுக்குங்க. இந்த மாத்திரைய ஒரு வேளைகூட விடாதீங்க. நடுவுல நிறுத்தினா கிருமி முரண்டு புடிக்கும்.”

எலிசபெத் தரையைப் பார்த்துக் கேட்டாள். “இதனாலதான் படிப்பு ஏறலியா மேடம்?”

“வலியோட, அரை வயிறா, ரத்தம் இல்லாம, அஞ்சு பேர் நடுவுல சரியாத் தூங்காம வர்ற பிள்ளைக்குக் கணக்கு எப்படி ஏறும்? இதுல கிருமியோட பங்கு எவ்வளவு, வீட்டு நெலமையோட பங்கு எவ்வளவுன்னு கேட்டா, எனக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியாது. முதல்ல வயிறு சரியாகட்டும்.”

தெரியாது என்று ஒரு டாக்டர் சொன்னால் யாருக்குத்தான் மனசு ஆறும்? அய்யாக்கண்ணு வீட்டில் எல்லாம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். மாத்திரை கசந்தது; பையன் துப்பினான். “தெரியாதுன்றவங்ககிட்ட இன்னாத்துக்குப் போற? புள்ளைக்கு மந்தம்மா. சித்தர் ஒரு உறிஞ்சு உறிஞ்சினா முடிஞ்சுது” என்றார் அய்யாக்கண்ணு. எலிசபெத் ஏற்கெனவே சர்ச்சில் ஜெபித்த எண்ணெயையும் தடவிப் பார்த்தாயிற்று. தொக்கத்துக்கு மதம் கிடையாது. வந்துவிட்டாள்.

கூட வந்தவள் பக்கத்துப் போர்ஷன் சபீனா. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். அமீர்பேட்டில் ஒரு கோச்சிங் சென்டரின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து, ‘ஆறே வாரத்தில் வேலை’ என்று நாள் முழுக்கச் சொல்வதுதான் அவள் உத்தியோகம். அதனால் அவளை ஏமாற்றுவது கொஞ்சம் கஷ்டம்.

“அக்கா, நக்கோ. அந்த மாத்திரைய பக்கெட்ல போடாதீங்க” என்று வாசலில் கையைப் பிடித்தாள்.

“போடலைன்னா உள்ள விடமாட்டாங்களாமே.”

“எதுக்கு உள்ள போகணும்?”

எலிசபெத் போட்டுவிட்டாள். அட்டை பக்கெட்டில் விழுந்த சத்தம் அவள் காதில் நின்றது.

இப்போது கமலம் உள்ளே ஓடிய இடத்துக்கு வருவோம்.

சமையலறைப் பக்கமிருந்து துடைப்பத்தால் சுவரை அடிக்கும் சத்தம் கேட்டது. ஒரு பாத்திரம் உருண்டது. “அம்மா இடத்தைச் சுத்தம் பண்றாங்க” என்று வரிசையில் ஒருத்தி பக்தியோடு சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து, கலைந்த கூந்தலோடு கமலம் வெளியே வந்தாள். டேனியலின் டோக்கனுக்கு இன்னும் முறை வரவில்லை. ஆனாலும் அவனைத்தான் முதலில் கூப்பிட்டாள்.

பையனைப் பாயில் படுக்க வைத்தார்கள். சட்டையைத் தூக்கினார்கள். எலும்பு தெரியும் அந்த வயிற்றைப் பார்த்துக் கூட்டம் உச்சுக்கொட்டியது. கமலம் தம்ளரை நீட்டினாள். சித்தர் ஒரு மடக்கு வாங்கினார்.

வாங்கியவரின் கண் பிதுங்கியது. கமலத்தைப் பார்த்தார். கமலம் கண்ணை மூடித் திறந்தாள். சித்தர் தண்ணீரை மட்டும் உமிழ்ந்தார். வலது கன்னம் தானாகத் துடிக்க ஆரம்பித்தது. அவர் அசையவில்லை, கன்னம் மட்டும் துடித்தது.

“அருள் வந்துடுச்சு!” என்றார் அய்யாக்கண்ணு.

என்றைக்கும் மந்திரம் சொல்லி நேரம் எடுத்துக்கொள்கிற சித்தர், அன்றைக்கு மந்திரத்தை விட்டார். குழலை வைத்தார், ஒரே உறிஞ்சு, தட்டில் துப்பினார்.

சாம்பல் நிறத்தில் சிறிதாக ஒன்று விழுந்தது. விழுந்த இடத்தில் அது துள்ளியது. வளைந்தது. மறுபடி துள்ளியது.

“பல்லி வாலு!”

முன்வரிசை பின்வரிசையின் மேல் சாய்ந்தது. அன்றைக்கும் கணவரோடு வந்திருந்த கல்பகம் ஐயோ என்று கண்ணைப் பொத்திக்கொண்டாள். நாராயணஸ்வாமி செல்போனில் படம் எடுத்தார். சித்தர் வாயைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு, குரலை உயர்த்தினார். “இந்தக் கொழந்த பல்லியத் தின்னிருக்கு! உசுரோட தின்னிருக்கு! அந்த விஷம்தான் மூளைக்கு ஏறி மந்தமாக்கியிருக்கு!”

எலிசபெத் தட்டையும் பையனையும் மாறி மாறிப் பார்த்தாள். என் பிள்ளை பல்லியையா தின்றான்? எப்போது? நான் எங்கே போயிருந்தேன்? பசியில் தின்றுவிட்டானா? அவள் பையனை வாரி எடுத்தாள். “டேனி, டேய், பல்லியாடா தின்ன?”

“ஹவ், ஆமா” என்றான் டேனியல் சாதாரணமாக. “உனக்குத் தெரியும்தானே மம்மி?”

டிரவுசர் பையில் கையை விட்டு, நாலைந்தை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினான்.

வறுத்த வேர்க்கடலை.

முதலில் சிரித்தவள் சபீனா. சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “யா அல்லா! சித்தரே, இந்த ஊர்ல பல்லின்னா வேர்க்கடலை! பல்லி சட்னி, பல்லி மிட்டாய் கேட்டதில்ல? கடலை தின்னவன் வயித்துலேருந்து வால் எடுத்தீங்களே, பலே கமால்!”

வரிசையிலிருந்த தெலுங்குக்காரர்களுக்கு விஷயம் புரிந்ததும் சிரிப்பு வாசலைத் தாண்டிப் பஜ்ஜி வண்டி வரை போனது. கமலம் சித்தரைப் பார்த்தாள். சித்தர் கமலத்தைப் பார்த்த பார்வையில் தர்மபுரிக்கு அடுத்த வண்டி எப்போது என்ற கேள்வி இருந்தது.

ஆனால் சித்தரைக் குறைத்து எடை போடக் கூடாது. தொழில் தெரிந்தவர். கையை உயர்த்தினார்.

“சிரிக்காதீங்க. கடலைதான் தின்னிருக்கு. அந்தக் கடலை மூட்டையில பல்லி முட்டை வெச்சிருந்தது. கடலையோட முட்டையும் உள்ள போச்சு. வயித்துச் சூட்டுல குஞ்சு பொரிச்சிடுச்சு!”

சிரிப்பு நின்றது. இதுதான் இந்தக் கதையிலேயே பெரிய அதிசயம். கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. சூட்டில் முட்டை பொரிக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே! “பாசிபிள்தான்” என்றார் நாராயணஸ்வாமி. “இன்குபேட்டர் மாதிரி.”

“பாத்தீங்களா, விஞ்ஞானம்!” என்று அய்யாக்கண்ணு நாற்காலிக் கையைத் தட்டினார்.

அவ்வளவுதான், பிழைத்தோம் என்று சித்தர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். அடுத்த டோக்கனைக் கூப்பிடக் கமலம் வாயெடுத்தாள்.

“சாமி.”

குரல் மெல்லியதாக இருந்ததால் யார் என்று முதலில் தெரியவில்லை. எலிசபெத்தான். முந்தானையைத் திருகவில்லை. அவள் கை டேனியலின் வயிற்றின் மேல் இருந்தது.

“வாலு வந்துடுச்சு சாமி. மீதிப் பல்லி எங்க?”

கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்த சித்தரின் துண்டு பாதியில் நின்றது.

“வாலுதானே வந்திருக்கு? தல, ஒடம்பு, காலெல்லாம் உள்ளதானே இருக்கும்? அதையும் எடுத்துடுங்க. எம் புள்ளைய அதோட எப்படி நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவேன்?”

“ஆமா, மீதி எங்க?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது. “அது எடுத்தாத்தானே ரேங்க் வரும்?”

“எடுக்கலாம்மா, எடுக்கலாம்” என்றார் சித்தர். “கமலா, தண்ணி கொண்டா.”

கமலம் உள்ளே போனாள். எலிசபெத் கூடையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். டேனியல் என்று பேனாவால் எழுதி ஒட்டிய பாட்டில்.

“அது வேணாம் சாமி. இது கொதிக்க வெச்சு ஆறின தண்ணி. டாக்டரம்மா சொன்னாங்கன்னு நானே வெச்சேன். இதுல வாய் கொப்பளிச்சிட்டு எடுங்க.”

எளிய வேண்டுகோள். தண்ணீர்தான் கேட்டார், தண்ணீர்தான் தருகிறாள். சித்தர் பாட்டிலைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“கொதிச்ச தண்ணியில சக்தி இருக்காதும்மா.”

“கொப்பளிக்கிறதுக்கு எதுக்கு சாமி சக்தி?”

அப்போது கமலம் செம்புத் தம்ளரோடு வந்தாள். சபீனா நடுவில் புகுந்து அதைப் பணிவாக வாங்கிக்கொண்டாள். “குடுங்கக்கா, நான் குடுக்கறேன்” என்று சொல்லி, தட்டில் தலைகீழாகக் கவிழ்த்தாள்.

தண்ணீர் ஓடியது. தண்ணீரோடு விழுந்தது தட்டிலேயே நின்றது. விரல் நீளத்தில், வெள்ளி நிறத்தில், கண்ணும் தலையுமாக ஒன்று.

கூட்டம் குனிந்தது. பின்னாலிருந்து அய்யாக்கண்ணுவின் மனைவி லலிதா எட்டிப் பார்த்தாள். தன் வீட்டு முன் அறையில் நடப்பதை இத்தனை நாளும் பின்கட்டிலிருந்து காதால் மட்டும் கேட்டவள்.

“இது எங்க வூட்டு நெத்திலிக் கருவாடு! கொழம்புக்கு ஊறப் போட்டிருந்தேன்!”

அவசரத்தில் முழுப் பல்லிக்குக் கமலம் எங்கே போவாள், பாவம். முதல் பல்லியே வாலை மட்டும்தான் கொடுத்திருந்தது.

“தினமும் என் கோழிக் கொழம்புல ஒரு துண்டு கொறையுதுன்னு நெனச்சேன்” என்றாள் லலிதா. “பூனைன்னு நெனச்சேன்.”

“சார்” என்று சபீனா நாராயணஸ்வாமியைத் திரும்பிப் பார்த்தாள். “எவிடென்ஸ் நனைஞ்சு கெடக்கு. படம் எடுக்கலையா?”

நாராயணஸ்வாமிக்குக் காரை நிறுத்திய இடம் திடீரென்று ஞாபகம் வந்தது.

சித்தர் எழுந்தார். “நேரம் சரியில்ல” என்றார். உண்மைதான், அவர் சொன்னதிலேயே அது ஒன்றுதான் உண்மை. குழலைத் துண்டில் சுற்றிக்கொண்டு சமையலறை வழியாகப் பின்கதவுக்கு நடந்தார். கமலம் பின்னாலேயே போனாள். பஜ்ஜி வண்டிக்காரர் மட்டும்தான் உண்மையாக வருத்தப்பட்டார்.

எலிசபெத் யாரையும் பார்க்காமல் வாசலுக்குப் போனாள். நீல பக்கெட்டின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் துழாவினாள். டேனியலின் அட்டை கிடைத்தது. தேதியைப் பார்த்தாள், மாத்திரையின் பெயரைப் பார்த்தாள், அதுதான்.

“இவன் துப்பினதுல ரெண்டு வேளை தப்பிடுச்சு சபீனா. நாளைக்கே டாக்டரம்மாகிட்டப் போய்ச் சொல்லணும். திட்டுவாங்க.”

“திட்டட்டும்க்கா. நானும் வர்றேன்.”

அவள் மாத்திரையைப் பிரித்துக் கொடுத்தாள். டேனியல் முகத்தைச் சுளித்தான். பாட்டில் தண்ணீரைக் குடித்து, விழுங்கினான். உடனே பல்லி கேட்டான். இந்த முறை யாரும் பயப்படவில்லை.

அவளைப் பார்த்து இன்னொரு தாய் பக்கெட்டுக்கு வந்தாள். பிறகு இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் உள்ளே நின்ற அதே வரிசை வாசலில் நின்றது. தள்ளுமுள்ளு. “டோக்கன் படி வாங்க, டோக்கன் படி!” என்று யாரோ பழக்க தோஷத்தில் கத்தினார்கள்.

“யோசிக்கிறதுக்கு டோக்கன் வேணாம்!” என்றாள் சபீனா. “அது மட்டும்தான் இந்த ஊர்ல வரிசையில நிக்காமலே கெடைக்கும். அதுக்குத்தான் ஆள் வர்றதில்ல!”

முன் அறை காலியானது. அய்யாக்கண்ணு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். தட்டில் வால் அசையாமல் கிடந்தது, பக்கத்தில் கருவாடு. “ஆனாலும் அந்த மனுஷன்கிட்ட ஏதோ ஒண்ணு இருந்துது லலிதா” என்று மெதுவாக ஆரம்பித்தார். சொல்லிவிட்டு, வழக்கம்போல ஆதரவுக்கு மேலே பார்த்தார்.

சமையலறைக் கதவின் மேலிருந்து பல்லி வந்துகொண்டிருந்தது. வால் இருந்த இடத்தில் ஒரு மொட்டை. உத்தரத்தின் நடுவில், நேராக அவர் தலைக்கு மேலே வந்து நின்றது. கீழே தட்டைப் பார்த்தது. அய்யாக்கண்ணு நாற்காலிக் கையைத் தட்டத் தயாராகக் கையைத் தூக்கியபடி காத்திருந்தார்.

பல்லி ட்யூப்லைட்டைக் கடந்து, ஜன்னல் கம்பி வழியாக வெளியே போயிற்று. ஒன்றும் சொல்லவில்லை.